கண்ணாடிதான் போனது, தாரணி

தாரணிக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் அம்மாவோடு போனில் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாயாம். "வலது கண்ணுக்குள்ள கொசு மாதிரி என்னமோ பறக்குதும்மா, ஓரத்துல பளிச் பளிச்சுன்னு வெட்டுது, தூக்கம் பத்தல போல" என்று. அம்மா இட்லிக்கு மாவு எடுத்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். உடனே உன்னைக் கூப்பிட்டேன். கண் டாக்டரிடம் போ என்று நான் ஆரம்பித்ததுமே, "அப்பா, எனக்கு நம்பர் ஜீரோ. உங்க கண்ணு போச்சுன்னு எல்லாரு கண்ணும் போயிருமா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பிறகு கூப்பிடக் கூப்பிட எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் தாளில் எழுதி, அம்மாவின் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டு நாள் கடத்துகிற விஷயமில்லை இது. வரிகள் கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள். என் வலது கண்ணுக்குக் கோடு போட்ட தாளே கோணலாகத்தான் தெரிகிறது.

நீ ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? தூக்கம், வேலை, நேரமில்லை எல்லாம் சாக்கு. கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் மாப்பிள்ளை கூட வருவார். அவருக்கு வேலை இருந்தால் சம்பந்தியம்மா வருவார்கள். சொட்டு மருந்து விட்டு, கருமணியை விரித்து, உள்ளே விளக்கடித்துப் பார்க்கிற டாக்டர், "சின்ன வயசுல இருந்தே பெரிய நம்பரா?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டுவிடுவார். பெண்ணுக்குக் கண்ணாடியே கிடையாது என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் நீ இந்தப் பாடுபடுகிறாய். கண்ணைக் கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்கு இரண்டாம் வகுப்பில் கண்ணாடி வந்தது. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாய் என்று டீச்சர் கூப்பிட்டனுப்பினார். காப்பியடிக்கிறாய் என்று நினைத்து அந்த வராந்தாவிலேயே உன் காதைத் திருகினேன். நானே சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் நம்பர் ஏறியது. "வகுப்பு ஏற ஏற நம்பரும் ஏறுதே, பத்தாப்புக்குள்ள பத்தைத் தொட்டுருவா போல" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பத்தைத் தொடவில்லை, ஒன்பதில் நின்றது. வீட்டில் விசேஷம் என்றால், போட்டோ எடுக்கும்போது உன் கண்ணாடியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வது உன் அத்தைகளில் யாராவது ஒருத்தியின் வேலை. கொட்டாம்பட்டியில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் அப்படிக் கழற்றி வாங்கிக்கொண்டு உன்னைப் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். நீயோ சமையல்காரரை "வாங்க மாமா, அத்தை வரலையா?" என்று வரவேற்று அவர் சட்டையெல்லாம் பன்னீராக்கினாய். அந்த மனுஷனும், "வரலம்மா, அவளுக்கு உடம்பு சரியில்ல" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனார். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து அழுதாய்.

பெண் பார்க்க வந்த முதல் குடும்பத்தை நீ மறந்திருக்கமாட்டாய். காபி கொடுக்க வரும்போது கழற்றி மேசைமேல் வைத்திருந்த உன் கண்ணாடியை, பையனின் சித்தி எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "எம்புட்டுக் கனம்! மூக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து சேதியே வரவில்லை. ஜாதகக்காரர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு லட்சணம்தான், அந்தக் கண்ணாடிதான் இடிக்குது. இப்பத்தான் லேசர் இருக்குல்ல?" என்றார். அப்படித்தான் உனக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கண்ணைத் திறந்து எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியின் பூவை எண்ணிச் சொன்னாயே, அன்று இந்த வீட்டில் இருந்த சந்தோஷம் உன் கல்யாணத்தன்று கூட இல்லை.

அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். வெள்ளியில் கண்மலர் வாங்கி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் நம் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னாள்: "நேர்ந்ததைக் குடுத்தாச்சு. இனிமே இந்த வீட்ல கண்ணுங்கிற பேச்சே வரப்படாது. திரும்ப ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா, குடுத்தவளை நம்பலன்னு ஆயிரும்." வருஷம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், நாம் போகவேயில்லை. அம்மாவை மட்டும் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கடன் தீர்ந்தது, கதை முடிந்தது என்று தலைமுழுகிவிட்டோம். அடுத்து வந்த வரன்தான் மாப்பிள்ளை. "பொண்ணு கண்ணாடி போடுமா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். "போடாதுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நீ போடவில்லைதானே! அதோடு நில்லாமல், பழைய கதை எந்தக் காலத்திலும் மாப்பிள்ளை காதுக்குப் போகக்கூடாது என்று அம்மா அதே சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை அடித்து என்னைச் சத்தியம் செய்ய வைத்தாள். செய்தேன்.

இனி என் கண்ணுக்கு வருகிறேன். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் செய்தபோது உள்ளே வைத்த லென்ஸிலேயே என் பழைய நம்பரையும் சரிசெய்துவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அம்மா இன்னொரு ஜோடி கண்மலர் சாத்தினாள். நானும் பழையபடி கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து வலது கண்ணில் கொசு பறந்தது. கொசு அடிக்கிற பேட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க வீசினேன். "இல்லாத கொசுவ யாரை அடிக்கிறீக?" என்று அம்மா சிரித்தாள். பிறகு ஓரத்தில் மின்னல் வெட்டியது. எங்கள் ஷெட்டுக்கு அடுத்தது வெல்டிங் பட்டறை என்று உனக்குத் தெரியும். அவர்கள் திரை போடாமல் வெல்டிங் வைக்கிறார்கள், அதுதான் கண்ணில் அடிக்கிறது என்று நினைத்து, பட்டறைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, இன்னிக்கு எஸ்டேட் பூரா கரண்ட் கட்டு. காலையில இருந்து சும்மாதான் உக்காந்திருக்கோம்" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னதற்கு, "சாத்தி முடிச்சதைக் கிளறாதீக, ஆத்தா பாத்துக்குவா" என்றாள். நானும் சரி என்று படுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் துணி ஒன்று மெல்ல ஏறிவந்து பார்வையை மூடியது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே விழித்திரை டாக்டரம்மா ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார்கள். நல்ல கண் உருண்டையாக இருக்கும். நமக்குக் கிட்டப்பார்வை என்றால் அந்த உருண்டை பின்பக்கமாக நீண்டு, கோழிமுட்டை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் தூரத்து உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்து மங்குகிறது. கண்ணாடி அந்த உருவத்தைப் பின்னால் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கண் நீளும்போது உள்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரை சும்மா இருக்குமா? சுவர் எவ்வளவு பெரிதானாலும் திரை அதே அளவுதான், புதிதாக முளைக்காது. அது இழுபட்டு மெலிகிறது. "உங்களுக்குப் புரியிற மாதிரிச் சொல்லணும்னா..." என்று அவர்கள் யோசித்தார்கள். நான் சொன்னேன், "புரியுதும்மா. நான் பிளாஸ்டிக் பை ஊதுற கம்பெனியில வேலை பாக்கிறேன்."

நீ சின்னப் பிள்ளையாக வந்து வாய்பிளந்து பார்த்த அதே மிஷின்தான். உருகின பிளாஸ்டிக்கை வளையம் வழியாக மேலே தள்ளி, நடுவில் காற்றை ஊதுவோம். கூரை உயரத்துக்குக் குமிழ் எழும்பி நிற்கும். காற்றைக் கொஞ்சம் கூட விட்டால் குமிழ் பெருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சரக்கு அதேதான், தோல் மெலிந்துவிடும். மெலிந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நாற்றுப் பையில் மண் போட்டுத் தண்ணீர் ஊற்றின பிறகுதான் வாங்கினவன் சண்டைக்கு வருவான். வாழ்நாள் முழுக்க அந்தத் தோலை விரலால் தடவிப் பார்த்து, மெலிசு, ஆகாது என்று தள்ளினவன் நான். என் கண்ணுக்குள்ளேயும் உன் கண்ணுக்குள்ளேயும் அதே கூத்து நடந்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா இன்னும் சொன்னார்கள். விழித்திரையின் ஓரங்கள்தான் முதலில் மெலியுமாம், வலை போலத் தேய்ந்துபோகும், அங்கங்கே துளை விழும். கண்ணுக்குள் நிறைந்திருக்கிற ஜெல்லி நம்மைப் போன்றவர்களுக்குச் சீக்கிரமே தண்ணீராக இளகிச் சுருங்குமாம். சுருங்கும்போது அது திரையைப் பிடித்து இழுப்பதுதான் அந்த மின்னல். பறக்கிற கொசு என்பது அந்த ஜெல்லியின் துணுக்குகளின் நிழல். எல்லாருக்கும் இழுத்த இடம் கிழிவதில்லை. கிழிந்துவிட்டால் அது வழியாக நீர் புகுந்து, சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உரிகிற மாதிரி விழித்திரை உரிந்து வரும். உரிந்தது நடுப்பகுதி வரைக்கும் போய்விட்டால், மறுபடி ஒட்டவைத்தாலும் பழைய பார்வை வராது. எனக்கு நடுப்பகுதி வரைக்கும் போய்விட்டது. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்த நடுப்பகுதியின் வேலையாம். "கண்ணாடியக் கழட்டியாச்சுன்னு நினைச்சீங்க. கழண்டது நம்பர் மட்டும்தான். கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கு, திரையும் அதே மெலிசுதான்" என்றார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உன் நினைப்பு வந்தது. "என் மகளுக்கு லேசர் பண்ணி ஜீரோ ஆயிருச்சும்மா, அவளுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டேன். முன்னே எவ்வளவு இருந்தது என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன். "லேசர் முன்பக்கத்து வாசலைத்தான் சீவுது. பின்பக்கத்துச் சுவரை அது தொடுறதே இல்ல. அவங்களை முதல்ல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் கேஸ் அடைத்து, திரை ஒட்டிக்கொள்ளட்டும் என்று குப்புறப் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் என் பிடரியிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நீயும் வந்தாய். தரையில் உட்கார்ந்து, கீழிருந்து என் முகத்தைப் பார்த்து ஆரஞ்சுச் சுளை ஊட்டினாய். அப்போதே உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஊருக்குப் போனதும் காட்டுகிறேன் என்றாய். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றினாய்.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். வலது கண் போன சமயத்தில் என் இடது கண்ணையும் விரித்துப் பார்த்தார்கள். அதிலும் ஓரத்தில் துளைகள் இருந்தன. எனக்குக் கொசுவும் பறக்கவில்லை, மின்னலும் வெட்டவில்லை, பார்வையும் தெளிவு. ஆனாலும் இருந்தன. உட்கார்ந்த வாக்கில், துளைகளைச் சுற்றி லேசரால் பற்றவைத்து விட்டுவிட்டார்கள். டீ குடித்து வருகிற நேரம்தான் ஆனது. இன்று இந்தக் கடிதத்தை அந்தக் கண்ணால்தான் எழுதுகிறேன். ஒரே மனுஷனின் இரண்டு கண், இரண்டும் ஒரே மாதிரி நீண்டவை, ஒரே மாதிரி மெலிந்தவை. ஒன்றை நேரத்தோடு பார்த்தார்கள், இன்னொன்றைப் பார்க்க நான் விடவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்தால் முந்தானை தெரிகிறது, காது தெரிகிறது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. போனில் நீ வீடியோவில் வரும்போதும் அப்படித்தான். உன் முகம் எனக்குத் தெரியாமல் போவதை நான் பொறுத்துக்கொள்வேன். உனக்கு எதுவும் தெரியாமல் போவதை என்னால் பொறுக்க முடியாது தாரணி. பயமாக இருக்கிறது. ஆம்பிளை இப்படி எழுதலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். கோபப்படுவார். ஏமாற்றிவிட்டீர்கள் என்பார். அதில் பாதி உண்மை, அதனால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சம்பந்தியம்மா நான்கு பேரிடம் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லட்டும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கும் கண் நீண்டு, அதுவும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினால் அப்போது என்ன சொல்வாய்? காப்பியடிக்கிறது என்று அதன் காதைத் திருகுவாயா? மறைத்து வைக்கிற வீட்டில் அந்தப் பிள்ளையை யார் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்?

மாப்பிள்ளைக்கு இன்றே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். உன் விஷயத்தை உனக்கு முன்னால் நான் சொல்வது முறையில்லை என்றுதான் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு இந்த ஒரு ராத்திரி அவகாசம். அதற்கு மேல் இல்லை, நான் தள்ளிப்போட்டதன் பலனைத்தான் பார்த்தாயே. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் நிழல் தட்டினால், அவகாசம் கிவகாசம் ஒன்றும் கிடையாது. கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு இப்போதே கிளம்பு.

நாளைக் காலையில் ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூருக்கு முதல் பஸ் ஏறுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "கற்பூரம் அடிச்ச சத்தியத்தை மீறினா கண்ணு அவிஞ்சுபோகும்னு சொல்லுவாக" என்றாள். "எனக்குப் பாதி அவிஞ்சுதான் கிடக்கு. மிச்சத்தையும் ஆத்தா எடுத்துக்கிறட்டும், பிள்ளை கண்ணை விட்டுட்டாப் போதும்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது என் வேட்டி சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். அவளுடைய சேலையையும் எடுத்து அதற்கு மேல் வைத்தாள்.

நாங்கள் வந்து சேர்வதற்குள் நீயே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டால், வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது அது பழைய சேதியாகியிருக்கும். மூன்று பேருமாக உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால், இந்தக் கிழவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். நீ சொல்லாமல் இருந்தால், நடுக்கூடத்தில், சம்பந்தியம்மா இருக்கும்போதே நான் சொல்லிவிடுவேன். என்னை எந்தச் சத்தியமும் தடுக்காது. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவேண்டாம். அப்பா என்று கூப்பிட வேண்டாம். தீபாவளிக்கு வரவேண்டாம். ஆத்திரம் தீர என்னை முறைத்துப் பார். இரண்டு கண்ணாலும் முறைத்துப் பார் தாயி.

அப்பா